எக்ஸெல் மேக்ரோ: கணக்கில் புலி, பூட்டிய ஃபைல் முன்னால் ஊமை

நாற்பது கிளைகளின் விற்பனை ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மாஸ்டர் ஷீட்டில் கொட்டி, சேவ் செய்து மூட வேண்டுமா? டெஸ்க்டாப் எக்ஸெலின் விபிஏ மேக்ரோ (எக்ஸெலுக்குள்ளேயே எழுதி, வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) இன்றும் கெட்டிக்காரன்தான். 1993-இல் எக்ஸெல் 5-உடன் வந்தது, இன்னும் அசைக்க ஆளில்லை. வேகத்துக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். அதே ஃபைலை வேறொருவர் திறந்து வைத்திருக்கும்போது அது நடந்துகொள்ளும் விதத்துக்கு இரண்டுகூட அதிகம்.

எக்ஸெல் ஒரு ஃபைலைத் திறந்ததும் அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் மறைவான குட்டி ஃபைல் ஒன்றை வைக்கும். யார் திறந்தார் என்ற பெயர் அதில் இருக்கும். கையால் திறப்பவருக்கு 'இன்னார் பயன்படுத்துகிறார்' என்று பெட்டி வரும். மேக்ரோவிலோ முதல் வரியிலேயே 'டிஸ்ப்ளேஅலர்ட்ஸ் = ஃபால்ஸ்' என்று போட்டு அந்தப் பெட்டியின் வாயை அடைத்துவிடுகிறோம். ஃபைல் சத்தமில்லாமல் ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) திறக்கும், கணக்கெல்லாம் ஓடும், சேவ் வரியில் எரர் 1004 என்று விழும். மேலே 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' (எரர் வந்தாலும் அடுத்த வரிக்குப் போ) இருந்தால் அதுவும் விழாது. 'முடிந்தது' என்று மெசேஜ் வரும், ஃபைலில் நேற்றைய எண்ணே இருக்கும்.

மருந்து எளிது. 'வொர்க்புக்ஸ்.ஓப்பன்' வரிக்கு அடுத்த வரியிலேயே அந்த வொர்க்புக்கின் 'ரீட்ஒன்லி' ட்ரூவா என்று பாருங்கள். ட்ரூ என்றால் சேவ் செய்யாமல் மூடி, 'அப்ளிகேஷன்.வெய்ட்' போட்டுப் பத்து விநாடி கழித்து மறுபடி திறக்கட்டும். மூன்று முறைக்கும் மசியவில்லையா, ஃபைல் பெயரை லாக் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். டிஸ்ப்ளேஅலர்ட்ஸை ஓப்பன், சேவ்ஆஸ் வரிகளுக்கு மட்டும் அணையுங்கள். அணைந்திருக்கும்போது அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால் கேட்காமலே அழித்து எழுதும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேறு வேறு ஃபோல்டரில் இருந்தாலும் ஒரே பெயருள்ள இரண்டு ஃபைல்களை எக்ஸெல் ஒரே நேரத்தில் திறக்காது. கிளைக்கொரு 'ரிப்போர்ட்' ஃபைல் வைத்திருப்பவர்கள் முந்தையதை மூடிவிட்டே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

'பெர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி (உங்கள் சொந்த மேக்ரோக்கள் இருக்கும் ஃபைல்) பூட்டப்பட்டுள்ளது' என்று வந்து, பூட்டியவர் பெயராக உங்கள் பெயரே காட்டினால் பேய் வேறெங்கும் இல்லை, டாஸ்க் மேனேஜரில் இருக்கிறது. எக்ஸெல் இன்னொரு முறை திறந்து, முழுதாக மூடாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். டீடெய்ல்ஸ் பக்கத்தில் மிச்சமிருக்கும் எக்ஸெல்.இஎக்ஸ்இ-யை முடித்துவிடுங்கள். வேர்டிலிருந்தோ பைத்தானிலிருந்தோ எக்ஸெலைக் கிளப்பும் நிரல் பாதியில் எரரானாலும் எக்ஸெல் இப்படி மிச்சமாகலாம், எக்ஸெலை மூடும் 'குவிட்' வரி எரர் ஹேண்ட்லரிலும் (எரர் வந்தால் ஓடும் பகுதி) இருக்கட்டும். அநாதையாகக் கிடக்கும் ~$ ஃபைலை, யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதியான பிறகே அழிக்கலாம்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் தனித் தலைவலி. அங்கே 'திஸ்வொர்க்புக்.பாத்' சி டிரைவ் பாதைக்குப் பதில் இணைய முகவரியைத் தரும். அதை அப்படியே ஃபைல் தேடும் 'டிர்' கட்டளைக்குக் கொடுத்தால் எரர் 52 (தவறான ஃபைல் பெயர்). ஆட்டோசேவ் ஓடிக்கொண்டிருந்தால் மேக்ரோவின் அரைகுறை எண்கள் எல்லார் திரைக்கும் போய்விடும், தொடக்கத்திலேயே 'ஆட்டோசேவ்ஆன் = ஃபால்ஸ்' போடுங்கள். ஃபோல்டரில் கம்ப்யூட்டர் பெயர் ஒட்டிய இரண்டாவது பிரதி முளைத்திருந்தால் சிங்க் மோதியிருக்கிறது. எது புதியது என்று பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

ஆபீஸ் சர்வரில் ஃபைலைப் பிடித்திருப்பது யார் என்று அறிய கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் என்று போங்கள். அங்கிருந்தே வலுக்கட்டாயமாக மூடவும் முடியும், ஆனால் அவர் சேவ் செய்யாதது போய்விடும். ஒரு போன் போட்டால் போதும்.

இந்தப் பூட்டுச் சண்டையே வேண்டாம் என்பவர்களுக்கு ஆஃபீஸ் ஸ்கிரிப்ட்ஸ் (எக்ஸெலின் புதிய வகை நிரல்), அதை இணையத்தில் தானாக ஓட்டும் பவர் ஆட்டோமேட் கூட்டணி இருக்கிறது. ஃபைல்கள் ஏற்கனவே ஷேர்பாயின்டில் (அலுவலகங்களுக்கான மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) இருந்தால் மாறலாம். லோக்கல் டிஸ்க்கில் உள்ள ஃபைலை பவர் ஆட்டோமேட் வழி ஓடும் ஸ்கிரிப்ட் தொடாது, அதற்கு மேக்ரோவேதான்.