செர்மாட்: சறுக்கத் தெரியாதவரும் போகலாம்

சுவிட்சர்லாந்தின் செர்மாட் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர்தான் என்றாலும், அதற்குப் புகழ் தேடித் தந்தது ஒரு மலையும் அதில் நேர்ந்த விபத்துமே. 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட எழுவர், 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டினர். இறங்கும்போது ஒருவர் கால் இடறியதில் நால்வர் பள்ளத்தில் விழுந்து மாண்டனர். அவர்களைப் பிணைத்திருந்த கயிறு இடையில் அறுந்துபோனதால் மற்ற மூவர் பிழைத்தனர். அந்தக் கயிற்றின் துண்டை ஊரிலுள்ள மேட்டர்ஹார்ன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்த கயிறுகளிலேயே வலுக்குறைந்தது அது என்பதால், பிழைத்து வந்த வழிகாட்டி அதை வேண்டுமென்றே கட்டினாரா என்ற ஐயம் எழுந்து, விசாரணை நடந்து, அவர் குற்றமற்றவர் என்று முடிவானது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகு சிகரத்தை நிமிர்ந்து பார்த்தால், அது வெறும் அழகான மலையாகத் தெரிவதில்லை.

விபத்துக்குப் பின் ஆள்வரத்து குறையவில்லை; பெருகியது. 1891-இல் பள்ளத்தாக்கிலிருந்து ரயில் வந்தது. 1898-இல் கோர்னர்கிராட் முகட்டுக்கு மின்சாரப் பல்சக்கர ரயில் ஓடத் தொடங்கியது. அப்போதெல்லாம் இது கோடைக்கால ஊர். குளிர்காலத்தில் விருந்தினர் வரத் தொடங்கியது 1920-களின் பிற்பகுதியில்தான்.

என்னைக் கேட்டால், ஊரின் தலைசிறந்த சேவை இன்றும் அந்தக் கோர்னர்கிராட் ரயில்தான். 3,089 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. மேலே போகும்போது வலப்பக்க இருக்கையைப் பிடித்தால் மேட்டர்ஹார்ன் கூடவே வரும். முகட்டில் இறங்கினால் மோன்டே ரோசா மலையும் கோர்னர் பனியாறும் எதிரே விரியும். கட்டணம் கையைக் கடிக்கும். ஆனால் சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பாதிதான். மேகம் மூடிய நாளில் அந்தப் பாதியும் வீண் என்பதால், காலையில் நேரலைக் கேமராவில் சிகரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே சீட்டு வாங்க வேண்டும்.

ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதி இல்லை. வண்டியை டேஷ் என்ற பக்கத்து ஊரில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து 12 நிமிடம் ரயிலில் வர வேண்டும். காற்றும் தெருவும் சுத்தமாக இருப்பது உண்மைதான். ஆனால் மின்சார டாக்சிகள் ஓசையின்றி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும், கவனம் தேவை. கடைவீதி எந்தச் சுற்றுலாத் தலத்திலும் காணக்கூடியதே. அதைவிட்டு விலகிப் பழைய பகுதிக்குள் நுழைந்தால், வெயிலில் கறுத்த மரக் களஞ்சியங்கள் கம்பங்களின்மேல் நிற்கின்றன. எலி ஏறாதிருக்க ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் வட்டமான கல் பலகை செருகியிருக்கிறார்கள்.

சறுக்குபவர்களுக்கு இங்கே குறையொன்றுமில்லை. பனியாற்றின்மேல் ஆண்டு முழுவதும் சறுக்கலாம். எல்லை தாண்டி இத்தாலியின் செர்வினியாவில் மதிய உணவை முடித்துத் திரும்பலாம். சறுக்காதவர்களும் 2023 முதல் கேபிள் காரிலேயே அங்கே போய்வர முடிகிறது. ஆனால் காற்று பலமாக வீசினால் மேல்நிலைக் கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள். அன்று இத்தாலியப் பக்கம் மாட்டிக்கொண்டால், மலையைச் சுற்றிச் சாலை வழியே திரும்பப் பல மணி நேரமும் பெருந்தொகையும் ஆகும். ஆகவே எல்லை தாண்டுபவர்கள் கடைசி வண்டியை நம்பியிராமல், மதியத்துக்குப் பின் சீக்கிரமே திரும்பிவிடுவது நல்லது.