நின்றபடியே போட்ட கையெழுத்து, போனது 1,440 டாலர்

இன்று காலைதான் கம்பெனியிடமிருந்து கடைசி மெயில் வந்தது. "உங்கள் கணக்கில் விடுமுறை எதுவும் சேரவில்லை." ஒரே வரி. எனக்குச் சேர வேண்டியது இரண்டு வார விடுமுறைச் சம்பளம்: மணிக்கு 18 டாலர், 80 மணி நேரம், மொத்தம் 1,440 டாலர். ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஒரு ஃபெடரல் (மத்திய அரசு) கட்டிடத்தின் தபால் அறையில் வேலை எனக்கு. சம்பளம் தருவது அரசாங்கம் இல்லை, ஒப்பந்தக் கம்பெனி. ஜனவரியில் பழைய கம்பெனி போய்ப் புதியது வந்தது. அதே அறை, அதே தள்ளுவண்டி, சட்டையில் இருக்கும் முத்திரை மட்டும்தான் வேறு. மார்ச்சில் எனக்கு ஒரு வருடம் நிறைவதாக இருந்தது.

புதிய மேலாளர் முதல் நாளே எங்களோடு சேர்ந்து தபால் பைகளைத் தூக்கினார். அதில்தான் ஏமாந்தேன். "என் விடுமுறை என்ன ஆகும்?" என்று கேட்டேன். "எல்லாம் அப்படியே தொடரும், கவலையே வேண்டாம்" என்றார். ஒன்பது பக்கத் தாளைத் தள்ளுவண்டி மேலேயே வைத்து நீட்டினார். இன்றே போடாவிட்டால் திங்கட்கிழமை கட்டிடத்துக்குள் விடும் பேட்ஜ் வேலை செய்யாது என்றார். போட்டேன். ஏழாம் பக்கத்தில், நான் புதிதாகச் சேர்ந்தவள், பழைய பணிக்காலம் கணக்கில் வராது என்று பொடி எழுத்தில் இருந்திருக்கிறது.

மார்ச்சில் கேட்டதும் மேலாளர் சம்பளப் பிரிவைக் கை காட்டினார். சம்பளப் பிரிவு, மேலாளரிடமே கேளுங்கள் என்றது. பழைய கம்பெனி, எங்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று போனை வைத்தது. கட்டிடத்தின் அரசு அதிகாரியோ, "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே" என்றார். ஆமாம், அவர் தபாலைத் தினமும் பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் நான்!

அரசாங்கத்துக்கு ஒப்பந்தக் கம்பெனி மூலம் வேலை செய்பவர்களுக்கென்று 1965-லேயே சேவை ஒப்பந்தச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி, சலுகை எவ்வளவு என்று தொழிலாளர் துறை ஊதிய நிர்ணயத் தாள் போடும். எங்கள் ஒப்பந்தத்தின் தாளில், ஒரு வருடம் நிறைந்தால் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. அதே கட்டிடத்தில் முந்தைய கம்பெனியிடம் இதே வேலை செய்த காலமும் சேரும். வருடம் நிறையும் நாளில் ஒப்பந்தம் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள்தான் முழுவதையும் தர வேண்டும். நமக்குச் சேர வேண்டியதை விட்டுத்தருவதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. கூலி, சலுகை எவ்வளவு என்று சொல்லும் நோட்டீஸை நம் கையில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். எங்கள் அறையில் அது காபி மெஷினுக்குப் பின்னால் இருந்தது. நேற்று மெஷினை நகர்த்தித்தான் படித்தேன்.

விவரமாக வழி சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், ஆத்திரத்தில் எதுவும் ஓடவில்லை. கம்பெனி மாறும் நாளில் எதிலும் நின்றபடி கையெழுத்துப் போடாதீர்கள். பழைய சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள். ஊதிய நிர்ணயத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், இந்தச் சட்டத்தின் கீழ் நாமே நேராக வழக்குப் போட முடியாது. தொழிலாளர் துறையின் ஊதிய, வேலைநேரப் பிரிவில்தான் புகார் செய்ய வேண்டும், அதற்குச் செலவில்லை. மத்தியானம் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து மேஜை அக்கா 11 வருடமாக இதே அறையில் இருக்கிறார். அவருக்கும் இப்போது 'முதல் வருடம்'தானாம். நீங்களும் புகார் கொடுங்கள் அக்கா என்றேன். கழுத்தில் தொங்கிய பேட்ஜைத் தொட்டுக் காட்டிவிட்டு, அடுத்த பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.