எழுத்து அட்டையா, பேசும் பலகையா?

குழந்தைக்குத் தமிழ் எழுத்து பழக்க மூன்று பொருள்கள் உண்டு: சுவரில் மாட்டும் படத்தாள், கையில் புரட்டும் அட்டை, தொட்டால் பேசும் பலகை. மூன்றிலும் தப்பு வரும். என் ஓட்டு அட்டைக்கு. அதில் இருக்கும் தப்பை வீட்டிலேயே திருத்திவிடலாம்.

குழந்தையை இழுப்பதில் பலகையை மிஞ்ச ஆளில்லை. படத்தாள் 247 எழுத்தையும் ஒரே பார்வையில் காட்டும். ஆனால் 50 × 70 செ.மீ. தாளில் 13 பத்தி, 19 வரிசை போட்டால் கட்டம் ஒன்றுக்கு 4 செ.மீ. கூடத் தேறாது. ணகரத்தின் மூன்று சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும்.

அட்டையில் அதிகம் சிரிக்க வைப்பது கொம்பு. ‘கோழி’யில் இரட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கணினி ககரத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பிறகும்தான் சேமிக்கிறது. கொம்பை முன்னால் இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வசதி இல்லாத வடிவமைப்பு மென்பொருளில், தமிழ் தெரியாதவர் ஒட்டினால் சேமித்த வரிசையிலேயே அச்சாகிவிடும். அதனால் வாங்கும்போது க, ங, ச என்ற அகர வரிசையைப் பார்த்துப் பயனில்லை; கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆறையும் பாருங்கள். ‘ஔ’ ஒரே எழுத்தாக இருக்கிறதா, ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கின்றனவா என்பதையும். அடுத்தது படம். ஆங்கிலச் சொல்லை வைத்துப் படம் தேடினால் ‘கொக்கு’ அட்டையில் பாரந்தூக்கி நிற்கும், ‘வௌவால்’ அட்டையில் கிரிக்கெட் மட்டை படுத்திருக்கும்.

நுரை அட்டையில் தனித்தனியாக வெட்டிய எழுத்துகளும் கிடைக்கும்; அவை இந்தப் போட்டியிலேயே இல்லை. மெய்யெழுத்தின் புள்ளி தனித்துண்டாக வந்தால் அது தொலையும், ‘க்’ ‘க’ ஆகும். அதைவிட, குழந்தை விழுங்கிவிடும்.

பலகையின் தப்பு காதுக்கு. ழ, ள, ல மூன்றும் ஒரே ஒலியாக வரும். மேலே ஒட்டிய தாள் ஒரு பதிப்புக்கும் உள்ளே இருக்கும் பதிவு இன்னொரு பதிப்புக்கும் உரியதாக இருந்தால் ‘ஐ’யைத் தொட்டால் ‘ஒ’ என்று பேசும். மலிவான பலகைகளில் மின்கலம் தேயத் தேயக் குரல் இழுபட்டுத் தடிக்கும். குறில் நெடிலாகவே கேட்கும். மின்கலத்தை மாற்றினால் அது சரியாகும். மற்றவை ஆகாது. பிரித்துப் பார்த்தால் கறுப்புப் பிசின் பொட்டுக்குள் சில்லு உறைந்திருக்கும். ஆலையில் ஒருமுறை பதிந்ததோடு சரி, ழகரத்தை அழித்து வேறு குரல் ஏற்ற வழியில்லை. மெமரி கார்டு போடும் பலகைகள் விதிவிலக்கு: பழைய கோப்பின் பெயரை அப்படியே வைத்துப் புதிய ஒலியை ஏற்றிப் பார்க்கலாம். எல்லாம் ஏற்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

அட்டையைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. பளபளப்பான பரப்பை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். தப்பான எழுத்தைவிட எல்லாப் பக்கமும் 5 மி.மீ. பெரிதாக வெள்ளை ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி, அழியாத மார்க்கரால் எழுதுங்கள். மை காய இரண்டு நிமிடம் பொறுத்து, ஸ்டிக்கரின் விளிம்பைத் தாண்டும்படி அகலமான ஒளிபுகு டேப்பை மேலே ஒட்டுங்கள். ஒயிட்னர் வேண்டாம், வளைத்தால் வெடித்து உதிரும், குழந்தை சுரண்டும்.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. திருத்திய அட்டை மட்டும் மேடாக இருந்தால், குழந்தை எழுத்தைப் பார்க்காது. மேட்டைத் தடவியே ‘கோ’ என்று சொல்லிவிடும். நாமும் படித்துவிட்டது என்று நம்பிவிடுவோம். தப்பில்லாத நாலைந்து அட்டைகளிலும் அதே இடத்தில் வெறும் டேப் ஒட்டிக் கலந்து வையுங்கள்.