‘ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம்’: ஜிஎஸ்டி ரோடு பக்கம் மனை பார்ப்பவர்கள் கவனத்துக்கு

சென்னைக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் இடையில், ஜிஎஸ்டி ரோட்டை (சென்னை–செங்கல்பட்டு நெடுஞ்சாலை) விட்டு உள்ளே தள்ளி ஒரு மனைப்பிரிவு. அங்கே இடம் வாங்கியவர்கள் இன்றைக்கு வீடு கட்டவும் முடியாமல், விற்கவும் முடியாமல் நிற்கிறார்கள். சென்னைக்குள் வாங்குவது கட்டுப்படியாகாது, ரயில் இருக்கிறது, போய் வந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, நகையை அடகு வைத்தும் பி.எஃப். பணத்தை எடுத்தும் வாங்கியவர்கள். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இதே முறையில் விற்கிறவர்கள் பலர் இருப்பதால், முறையைத் தெரிந்துகொள்வதுதான் அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் ஏமாற்று நேரத்தில். சைட் விசிட் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வைக்கப்படுகிறது. தாம்பரத்தில் கார் வந்து ஏற்றிக்கொள்ளும், வழியில் டிபன் வாங்கித் தருவார்கள், ஜிஎஸ்டி ரோடு காலியாக இருக்கும். ஸ்டேஷனைக் காட்டிவிட்டு நேராக மனைக்குப் போனால் உண்மையிலேயே பத்து நிமிடம்தான். அதே வழியைத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மனையிலிருந்து பஸ் போகும் ரோட்டுக்கு நடை, ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை காத்திருப்பு, சிக்னல், ஸ்டேஷன் படிக்கட்டு. நாற்பது நிமிடத்துக்குக் குறையாது. அதற்குப் பிறகுதான் ரயில்.

ரயிலிலும் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் புறநகர் வண்டிகளில் கணிசமானவை தாம்பரத்தோடு நின்றுவிடும். தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று போகப் போக, கையில் இருப்பது செங்கல்பட்டு பக்கம் போகும் வண்டிகள் மட்டும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம் நிற்க வேண்டி வரலாம். இரவில் இடைவெளி இன்னும் கூடும், ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு ரயிலில் மட்டும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிண்டியில் இறங்கி ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) போகிறவர் என்றால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர் விலை குறைவு என்பதற்காக இந்தப் பக்கம் வாங்கவே கூடாது. அவருக்குத் திருநின்றவூர், திருவள்ளூர் தடம்தான் சரி. முதலில் அலுவலகத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன், பிறகு அது எந்தத் தடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் ஊர். விலையிலிருந்து தொடங்கினால் தலைகீழாகத்தான் முடியும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று வேலை நாட்கள், காலையும் இரவும், மனையிலிருந்து அலுவலகம்வரை போய் வந்து பாருங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து மனைக்கு ஷேர் ஆட்டோ வருகிறதா என்பது மிக முக்கியம். தனி ஆட்டோவுக்குத் தினமும் கொடுக்கும் காசு மாதக் கடைசியில் ஒரு சிறிய தவணைத் தொகை அளவுக்கு வந்துவிடும்.

நேரம் போனால் உடம்புதான் அலுக்கும். அடுத்த ஏமாற்று காகிதத்தில். அதில் சேமிப்பே போய்விடும்.

அந்த மனைப்பிரிவின் வாசலில் ‘டிடிசிபி அப்ரூவ்டு’ (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம்) என்று பெரிய பலகை. அது பொய்யில்லை. முன்னால் இருக்கும் பகுதிக்கு அங்கீகாரம் வாங்கியிருக்கிறார்கள், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் உண்டு. ஆனால் விற்றது பின்னால் இருக்கும் ‘ஃபேஸ் 2’ மனைகளை. அதே தார் ரோடு, அதே தெருவிளக்கு, அதே நிறத்தில் நட்ட கல். நேரில் பார்க்கிறவருக்கு எல்லை எங்கே முடிகிறது என்று தெரியவே தெரியாது. காட்டிக்கொடுப்பது சர்வே எண் ஒன்றுதான். அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தின் தலைப்பில் எந்தெந்த சர்வே எண்கள், எத்தனை மனைகள் என்று எழுதியிருக்கும். வாங்கப் போகும் மனையின் எண்ணும் சர்வே எண்ணும் அதில் இருந்தாக வேண்டும். விற்கிறவர் தரும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுத் திறந்து, அங்கே ஏற்றியிருக்கும் வரைபடத்தை எடுத்து, மனை எண்ணை விரல் வைத்துத் தேடுங்கள். பத்து நிமிட வேலை.

‘எட்டு மனைதான், ரெரா தேவையில்லை’ என்றும் சொல்வார்கள். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம் அல்லது எட்டுக்கு மிகாத அலகுகள் கொண்ட திட்டங்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் எல்லா ஃபேஸ்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பெரிய நிலத்தை அண்ணன், தம்பி, மனைவி பெயர்களில் எட்டு எட்டாக உடைத்து விற்றால் அந்த விலக்கு கிடையாது.

அங்கீகாரம் இல்லாத மனையைப் பத்திரப் பதிவு செய்ய முடியாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும். பதிவுச் சட்டத்தில் 22ஏ பிரிவும் அதற்குத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் இவர்களுக்குப் பத்திரம் எப்படிப் பதிவானது? பத்திரத்தைக் கையில் வாங்கிப் படித்தால் தெரிகிறது. அதில் ‘மனை’ என்ற சொல்லே இல்லை. இத்தனை ஏக்கர் புஞ்சை நிலத்தில் பிரிபடாத 2.75 சென்ட் பாகம் என்று இருக்கிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 2.75 சென்ட் என்பது கிட்டத்தட்ட 1,200 சதுர அடிதான். அளவு சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சொத்து விவரத்தில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று கொடுத்திருக்கும் நான்கெல்லையைப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். அவை அந்த மனையின் எல்லைகள் இல்லை, மொத்த வயலின் எல்லைகள். கல் நட்டுக் காட்டிய இடம் தன்னுடையது என்று சொல்ல வாங்கியவரிடம் எந்த ஆவணமும் இல்லை. பட்டாவும் கூட்டுப் பட்டாவாகத்தான் வரும், உட்பிரிவு கிடைக்காது. வங்கிக் கடன் கிடையாது, கட்டட அனுமதியும் கிடையாது.

‘பிறகு ரெகுலரைஸ் பண்ணிக்கொள்ளலாம்’ என்ற பேச்சை அப்படியே நிராகரித்துவிடுங்கள். 2017-இல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் விற்றுப் பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்கானவை. அதற்குப் பிறகு உடைத்து விற்ற வயலுக்கு அந்தக் கதவு திறக்காது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பதும் லேஅவுட் அங்கீகாரம் ஆகாது.

விளம்பரத் துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் படத்தை வருவாய்த் துறையின் புல வரைபடத்தோடு (சர்வே எண்ணின் அளவையும் எல்லையையும் காட்டும் படம்) ஒப்பிட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பிரசுரத்தில் ‘30 அடி ரோடு, இருபுறமும் மரம்’ என்று பச்சை வண்ணத்தில் இருந்த இடத்தில், புல வரைபடத்தில் தனி சர்வே எண்ணோடு வளைந்து போகும் ஒரு பட்டை. நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக ‘அரசு புறம்போக்கு, வாய்க்கால்’ என்று இருக்கிறது. பின்னால் இருக்கும் மனைகளுக்குப் போக வேறு வழி இல்லை. அந்த வாய்க்காலைத் தூர்த்து, மேலே கிராவல் கொட்டித்தான் ரோடு போட்டிருக்கிறார்கள். அரசு எப்போது வேண்டுமானாலும் அதைத் தோண்டி எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் போன வழி அது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புல வரைபடம், அ-பதிவேடு, பட்டா எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசின் eservices.tn.gov.in இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் மனையின் சர்வே எண்ணோடு நிறுத்த வேண்டாம். மெயின் ரோட்டிலிருந்து மனைவரை எந்தெந்த சர்வே எண்களைக் கடந்து போகிறீர்களோ அத்தனையையும் பாருங்கள். அணுகு சாலை தனியார் நிலத்தில் இருந்தால், அது பஞ்சாயத்துக்கு அல்லது நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று கேட்டு, அந்தப் பத்திரத்தின் எண்ணை வாங்குங்கள். தானம் கொடுக்காத ரோட்டுக்கு நாளைக்கு அவர்களே கேட் போட்டாலும் தடுப்பது கஷ்டம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்ப்பதும் நல்லது. மழைக்காலத்துப் படம் ஒன்று கிடைத்தால் போதும், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் தெரிந்துவிடும்.

வில்லங்கச் சான்றில் (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) தவறு நடப்பது தேடும் முறையில். சர்வே எண் 112/3ஏ என்றால் அதை மட்டும் போட்டுத் தேடிவிட்டு ‘வில்லங்கம் இல்லை’ என்று திருப்தி அடைகிறார்கள். உட்பிரிவு ஆவதற்கு முன் அது 112/3 ஆகவோ வெறும் 112 ஆகவோ இருந்திருக்கும். அடமானமும் பாகப்பிரிவினைப் பத்திரமும் பழைய எண்ணில் உட்கார்ந்திருக்கும். எல்லா எண்களையும் போட்டு, குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தேட வேண்டும். கிராமம் இடையில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் எடுக்க வேண்டும். விற்கிறவர் பவர் ஏஜெண்ட் (சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்பவர்) என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செல்லாது, பிறகு வாரிசுகள் வந்து நிற்பார்கள்.

பணம் கொடுக்கும் முறையிலும் பொறி இருக்கிறது. முன்பணத்துக்குத் தந்த ரசீதில் ‘புக்கிங் தொகை, திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்தார்கள். மீதிப் பணத்தை இரண்டாகப் பிரித்து, வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த நில மதிப்பு) அளவுக்குக் காசோலை, மிச்சத்தை ‘டெவலப்மெண்ட் சார்ஜ்’ என்று ரொக்கமாக வாங்கினார்கள். பத்திரச் செலவு மதிப்பில் 9 சதவீதம் வருகிறது என்பதால் வாங்குகிறவர்களும் குறைத்துக் காட்டச் சம்மதித்துவிடுகிறார்கள். இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டால், பத்திரத்தில் இருக்கும் தொகையைத் தவிர வேறு எதுவும் வாங்கவில்லை என்கிறார் விற்றவர். ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாகப் போகட்டும். ‘லோன் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்’ என்றால், அவர்கள் சொல்லும் இடத்தை விட்டுவிட்டு, உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் ஆவணங்களைக் கொடுத்துப் பாருங்கள். வங்கி வழக்கறிஞர் மறுத்தால் காரணத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கடனே வேண்டாதவர்கள்கூட இதற்காகவே விண்ணப்பிக்கலாம்.

குடிதண்ணீரையும் பார்த்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருந்தால் நல்லது, 2,000-ஐத் தாண்டினால் லாரித் தண்ணீர்தான் கதி என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிச் சிக்கியவர்களுக்கு: ‘பத்திரத்தை ரத்து செய்து கொடுங்கள், பணம் அடுத்த மாதம் தருகிறோம்’ என்று கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் ரத்துப் பத்திரம். ரெராவில் பணத்தையும் வட்டியையும் கேட்க ஒரு படிவம், நஷ்டஈடு கேட்கத் தனிப் படிவம். பதிவு செய்யாமல் விற்றதையும் அங்கேயே புகாராகக் கொடுக்கலாம். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு 12-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. அதனால் துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், முகவர் அனுப்பிய ஆடியோ எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரோடு, விளக்கு, வடிகால் என்று வசதிகளோடு லேஅவுட் போட்டு விற்பது சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. கட்டிய தொகை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். ஆனால் இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. ‘அப்ரூவல் வந்துகொண்டே இருக்கிறது’ என்ற பதிலோடு பலருக்கு ஓடிப்போனது அந்த இரண்டு ஆண்டுகள்தான். ஆகவே இந்த வாரமே விற்றவருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.