'மீண்டும் வாங்கு' பொத்தானை எவ்வளவு நம்பலாம்?

ஷாப்பிங் ஆப்களில் இருக்கும் இந்தப் பொத்தான், 'போன தடவை நன்றாக இருந்தது, இப்போதும் இருக்கும்' என்ற மனக்கணக்கை ஒரே தட்டலில் முடித்துவைக்கிறது. பேட்டரி, பல்பு மாதிரி சாமான்களுக்கு அருமை.

பெயரும் படமும் அப்படியே இருக்க, உள்ளே மாறும்போதுதான் வம்பு. விற்பவர் வேறு ஆளாக இருக்கலாம். விலை ஏறாமல் 500 கிராம் பாக்கெட் 450 ஆனாலே கிலோவுக்கு 11% கூடிவிடும். எடையால் வகுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். பக்கத்தில் கோடு போட்டு அடித்த 'பழைய விலை'யைக் கண்டுகொள்ளாதீர்கள்; முதலில் கண்ணில் படும் எண் நம் கணிப்பைத் தன் பக்கம் இழுத்துவிடும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானெமனும் 1974இல் எழுதிய சோதனையில், எண்கள் உள்ள ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சுழல்சக்கரத்தில் 10 வந்த குழுவின் இடைநிலை விடை 25, 65 வந்த குழுவுக்கு 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இந்த இழுப்பு!

செருப்பு, துணிக்கு இந்தப் பொத்தான் வேண்டாம். அளவு அட்டவணையை மறுபடி திறந்து பாருங்கள்.