பத்மினியின் கூரை வடிகாலை வெட்டியெடுத்த அயனாவரம் பட்டறை

எங்கள் வீட்டுப் பிரீமியர் பத்மினி கார் 1986ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்து செல்லும் தொலைவில், நிழற்கூரை இல்லாத வாசலிலேயே அதன் காலம் கழிந்தது. 15 ஆண்டு கடந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், அதற்கு முன் கதவுகளுக்கு மேலே கூரையின் இரு ஓரங்களிலும் ஓடும் துருப்பிடித்த மழைநீர் வடிகாலைச் சரிசெய்துவிட நினைத்தேன். முதலில் பார்த்த இரண்டு பட்டறைகளில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்துத் தேய்த்து மூடிவிடலாம் என்றார்கள். நண்பர் ஒருவர் காட்டிய மூன்றாவது பட்டறை அயனாவரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகையே கிடையாது.

பட்டறையை நடத்தும் பெரியவர் விலை சொல்வதற்கு முன் வடிகாலின் விளிம்பை மூடும் பளபளப்பான குரோம் பீடிங்கைக் கழற்றி, வடிகாலின் அடியில் திருப்புளியை மெல்ல அழுத்தினார். அது தடையின்றி உள்ளே போனது. கூரைத் தகடும் பக்கவாட்டுத் தகடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஸ்பாட் வெல்டிங்கால், அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, இணையும் இடம்தான் இந்த வடிகால். அதன் மேல் பூசிய சீலர் என்ற அடைப்புப் பசை ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்து வெடித்ததும், உப்பு கலந்த ஈரம் பெயிண்ட் எட்டாத அந்த இடுக்கில் நுழைந்து தங்கிவிடுகிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்து, அடுத்த மழைக்கும் வழி திறந்துவிடுகிறது. வெளியே பெயிண்ட் கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும் என்பதை இந்தத் திருப்புளி ஒரு நிமிடத்தில் விளக்கிவிட்டது.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கூரை கிடைக்குமா என்று அவரே என்னை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். நான் பார்த்த மூன்று கூரைகளிலும் அதே இடத்தில் அதே துரு. மிஞ்சியவை இரண்டு வழிகள்: புதிய தகட்டை மடித்து வடிகாலை மீண்டும் கட்டுவது, அல்லது வடிகாலை முற்றிலும் வெட்டிவிட்டு இணைப்பை வெல்டிங்கால் மூடி வழவழப்பாக்குவது. அவர் முதல் வழியையே பரிந்துரைத்தார். "சார், இதை எடுத்துட்டா மழையில கண்ணாடிய இறக்கினா தண்ணி நேரா உங்க மடியிலதான் விழும்" என்றும் எச்சரித்தார். மறுபடியும் துருவுக்கு ஒரு தொட்டி கட்டித் தருவானேன் என்று எண்ணி, அழகின்மேல் கொண்ட ஆசையும் சேர, நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

வேலை நடந்த விதத்தை நான்கு நாட்கள் அருகிலிருந்து பார்த்தேன். பாட்டரி இணைப்பைக் கழற்றி, முன்பின் கண்ணாடிகளையும் கூரையின் உள்துணியையும் அகற்றிய பிறகே கிரைண்டரைத் தொட்டார்கள். கூரையை உடலோடு பிடித்திருப்பதே இந்த இணைப்புதான் என்பதால், அதை ஒரேயடியாக நீளத்துக்கு அறுக்கக் கூடாது. ஏறக்குறைய 10 செ.மீ. மட்டும் வெட்டி, நல்ல இரும்பு தெரியும்வரை தேய்த்து, தகடுகளை இடுக்கியால் சேர்த்துப் பிடித்து, சி.ஓ.டூ வெல்டிங்கில் (கரியமில வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் மின்வெல்டிங்) சிறு சிறு புள்ளிகளாக வைத்துவிட்டு, உடனே வண்டியின் மறுமுனைக்குப் போய்விடுவார்கள். முதல் இடம் கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பின்பே அங்கே திரும்புவார்கள்; நடுநடுவே கதவுகளை மூடித் திறந்து இடைவெளி மாறவில்லை என்று பார்த்துக்கொள்வார்கள். கேஸ் வெல்டிங்கின் பரந்த சூடு மெல்லிய கூரைத் தகட்டை நெளித்துவிடும் என்பதால் அதை அவர் அருகிலேயே விடவில்லை. அப்படியும் இடப்புறப் பின்மூலையில் ஓரிடத்தை அழுத்தினால், காலி எண்ணெய் டின்னைப் போல 'டொக்' என்று உள்வாங்கி மீள்கிறது. அதை அவரே சுட்டிக்காட்டி, பட்டியால் மறைக்க மறுத்தார். உட்புறம் முழுதும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, இணைப்பின்மேல் புதிய சீலர் இட்டார்.

குறைகளும் உண்டு. 11 நாட்கள் என்று சொன்ன வேலை 26 நாட்கள் ஆனது. தொலைபேசியில் கேட்டால் எப்போதும் 'நாளைக்கு' என்ற பதில்தான். பெயிண்டிங்கை அவர்கள் வெளியாளிடம் கொடுக்கிறார்கள். கூரையின் வெள்ளைக்கும் கதவுத் தூண்களின் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு மாலை வெயிலில் தெளிவாகத் தெரிகிறது. தகட்டு வேலைக்கும் பெயிண்டுக்குமாக 38,000 ரூபாய் கொடுத்தேன். தகட்டு வேலைக்கு அந்தத் தொகையைத் தயங்காமல் மீண்டும் கொடுப்பேன்; பெயிண்டுக்குத் தரமாட்டேன்.

ஐப்பசியின் முதல் கனமழையில் வலப்புறம் ஊசித்துளை அளவுக்கு ஓர் ஒழுகல் தெரிந்தது. வண்டியைக் கொண்டுபோனபோது, உள்துணியை விலக்கி, குழாய் நீரைப் பீய்ச்சி, இடத்தைக் கண்டுபிடித்து, கட்டணம் வாங்காமல் அடைத்துக் கொடுத்தார். மடியில் தண்ணீர் விழும் என்ற எச்சரிக்கையும் அப்படியே பலித்தது. மத்திய கைலாஷ் சிக்னலில் கண்ணாடியை நான்கு விரல் இறக்கியதும் சட்டையின் தோள் நனைந்தது. வடிகாலில் கவ்வி நிற்கும், கூரைமேல் சாமான் ஏற்றும் பழைய கேரியரை இனி மாட்டவும் இடமில்லை. அது இப்போது மொட்டை மாடியில் வடகம் காயவைக்கப் பயன்படுகிறது. உங்கள் வண்டியில் கேரியர் வேண்டுமானால் அவர் சொல்லும் முதல் வழிக்கே ஒப்புக்கொள்ளுங்கள். எதுவானாலும் வண்டியை ஆடிக்கு முன்பே விட்டுவிடுங்கள், ஏனெனில் அந்தப் பட்டறையின் பாதிப் பகுதி திறந்த வெளி.