வலை ஈயம் ஒட்டிய டெனிஸ் ராக்கெட்: ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

எடை குறைந்த ராக்கெட் வைத்திருப்பவர்கள் புதிது வாங்க முதல் 4 கிராம் ஈயம் ஒட்டிப் பாருங்கள். என்னுடையது நரம்பில்லாமல் 270 கிராம். மட்டக்களப்பில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், பந்து கடைசி நேரத்தில் விலகிவிடும். நரம்பின் நடுவில் படாமல் ஓரத்தில் படும்போதெல்லாம் ராக்கெட் கைக்குள் புரளும்.

இதற்கென்றே விற்கும் ஈய டேப்பைக் கொழும்பிலிருந்துதான் எடுக்கவேண்டும். வீச்சு வலைக்குக் கட்டுகிற ஈயம் இருக்க அதற்கேன் காசு? கல்லடியில் வலை பொத்துகிற பெரியப்பா ஒருவரிடம் கேட்டேன். "என்ன மனே, மட்டையோட மீனுக்கா போகப்போறாய்?" என்று சிரித்துவிட்டு ஒரு பிடி அள்ளித் தந்தார். உருக்கத் தேவையில்லை. இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினால் தகடாகிவிடும், கத்தரிக்கோலுக்கும் வெட்டுப்படும். அரை மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு சென்ரிமீற்றர் அகலம், மூன்றரை சென்ரிமீற்றர் நீளம் என்றால் ஏறக்குறைய 2 கிராம். நகைக்கடைத் தராசில் நிறுத்துக் கொண்டேன்.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் விஷயமே. ராக்கெட் தலையின் உச்சியில் 2 கிராம் ஒட்டினால், இரண்டு பக்கமும் சேர்த்து 4 கிராம் ஒட்டியது போல வீச்சு கனக்கும்; கைப்பிடியிலிருந்து உள்ள தூரம் வர்க்கமாகக் கணக்கில் சேர்வதால் அப்படி. உச்சியில் ஒட்டியபோது சேர்விஸ் நல்ல வேகம், ஆனால் வலைக்கருகே கை பிந்தியது. கழற்றி, கடிகாரத்தின் 3, 9 மணி இடங்களில் பக்கத்துக்கு 2 கிராம் வைத்தேன். புரளல் பெரும்பாலும் நின்றது. அன்றிலிருந்து இடம் மாற்றவேயில்லை. சட்டகத்தில் இப்படி எடை சேர்ப்பதைச் சர்வதேச விதிகளும் அனுமதிக்கின்றன.

சும்மா இரட்டைப் பக்க டேப் எங்கள் வெயிலுக்கு நிற்காது. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒரு மத்தியானம் கிடந்தால் பசை இளகி ஈயம் வழுகிவிடும். இப்போது மேலே இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றியிருக்கிறேன். மாரியில் ஈரக்காற்று பட்டால் ஈயத்தில் வெள்ளையாய் ஒரு பூச்சுப் படியும். அது நஞ்சு. அதற்காகவும் மூடத்தான் வேண்டும், தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அம்மி, குழவிப் பக்கம் இந்தத் தட்டுகிற வேலையைக் கொண்டு போகவே வேண்டாம்.

கைப்பிடி அடி மூடிக்குள் பஞ்சோடு 6 கிராம் அடைத்தேன். தலைக்கனம் குறைந்தது, சரி, வீச்சில் பெரிய வித்தியாசமில்லை. பஞ்சு தளர்ந்தால் கிலுகிலுக்கும், அவ்வளவுதான்.

முழங்கை நோவுக்கு ஈயத்தை விட நரம்புதான் மருந்து. 55 இறாத்தல் இழுவையில் கட்டியிருந்த பொலியெஸ்டர் நரம்பை வெட்டி எறிந்துவிட்டு, மிருதுவான நைலோன் நரம்பை 50 இறாத்தலில் கட்டுவித்தேன். பொலியெஸ்டர் அறாமலே இழுவை செத்துப்போகும். வாரம் ஓரிரு முறை ஆடுகிற நமக்கு அது வீண் செலவு.

மருமகனும் தன் ராக்கெட்டுக்கு ஈயம் கேட்டு நிற்கிறான். பதின்மூன்று வயதுத் தோளுக்கு இந்தக் கனம் வேண்டாமென்று, வியர்வை உறிஞ்சும் பிடித்துணி மட்டும் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.